நாய்க்கு உலர் தீன் வாங்குவதானால் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

(தோட்டச் சமூக மண்டபத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் கால்நடை நலம் பற்றி ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே பெரும்பாலும் தரப்படுகிறது.)

நாய்த் தீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தது காதில் விழுந்தது. சிரிக்கலாம், தப்பில்லை. மனுசன் சாப்பாட்டுக்கே சாமான் விலை இப்படி இருக்கும்போது நாய்க்குப் பையில் தீனா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் டவுன் கடைகளில் இன்று அந்தப் பைகள் தொங்குகின்றன. சம்பளம் எடுத்த அன்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்து "அம்மா, நம்ம நாய்க்கும் ஒண்ணு" என்று கேட்கிறார்கள். நம்மில் பலர் வாங்கியும் போகிறோம். வாங்கும் காசு வீண் போகக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பால்மாவிலோ முட்டையிலோ குறைத்து நாய்க்குப் பை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். உங்கள் நாய்க்கு விசர் நோய்த் தடுப்பூசி போடவில்லை என்றால், பையைப் பற்றி நினைப்பதற்கு முன்னால் அதைப் போடுங்கள். அரசாங்கம் அதை இலவசமாகப் போடுகிறது. எங்கே, எப்போது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் சொல்வார். விசர் வந்துவிட்டால் நாய்க்கும் மருந்து இல்லை, மனுசனுக்கும் மருந்து இல்லை. எவ்வளவு நல்ல தீன் போட்டாலும் அதற்கு ஈடாகாது.

சரி, பைக்கு வருவோம்.

இந்த உலர் தீனை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சோளம், அரிசி, கோதுமை, சோயா, காயவைத்து அரைத்த இறைச்சித் தூள் எல்லாவற்றையும் கலந்து, நீராவியில் சூடேற்றி, பெரும் அழுத்தத்தில் ஒரு துளை வழியாகத் தள்ளி வெட்டுவார்கள். நம்ம வீட்டு இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவே பெரிய இயந்திரமாக இருந்தால் எப்படியோ அப்படி. வெளியே வந்ததும் பொரி மாதிரி உப்பும். காயவைத்து, மேலே கொழுப்பைத் தெளிப்பார்கள். அந்தக் கொழுப்பின் வாசத்துக்குத்தான் நாய் ஓடி வருகிறது. ஆகவே "நாய் ஆசையாத் தின்னுது, அப்ப நல்ல சாமான்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். பிள்ளைகள் டொபியைக்கூட ஆசையாகத்தான் தின்கிறார்கள்.

பையின் முன்பக்கத்தில் ஒரு பளபளக்கும் நாய், பக்கத்தில் ஒரு முழுக் கோழி, கரட், பச்சைப் பட்டாணி எல்லாம் படமாக இருக்கும். அது விற்பனைக்கான பக்கம். நமக்கு வேண்டியது பின்பக்கம். எழுத்து சின்னது, பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். அதனால் கடைக்குப் போகும்போது பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

முதலில் தேட வேண்டியது "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்" என்ற சொற்கள். வேறு எதுவும் போடாமல் இதை மட்டுமே கொடுத்தாலும் நாய்க்கு வேண்டிய சத்தெல்லாம் கிடைக்கும் என்று செய்தவர் சொல்கிறார் என்று அர்த்தம். சில பைகளில் "கம்ப்ளீட்" என்று மட்டும் இருக்கும். "காம்ப்ளிமெண்டரி" என்றோ "ட்ரீட்" என்றோ இருந்தால் அது சாப்பாடு அல்ல, தேத்தண்ணியோடு கடிக்கும் பிஸ்கட் மாதிரி. "கம்ப்ளீட்", "காம்ப்ளிமெண்டரி" இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் கேட்கும். பிள்ளையை இரண்டு தரம் படிக்கச் சொல்லுங்கள்.

அதே வரியில் எந்த வயது நாய்க்கு என்றும் போட்டிருக்கும். "பப்பி" அல்லது "குரோத்" என்றால் குட்டிக்கு. "அடல்ட்" அல்லது "மெயின்டனன்ஸ்" என்றால் வளர்ந்த நாய்க்கு. "ஆல் லைஃப் ஸ்டேஜஸ்" என்றால் இரண்டுக்கும் ஆகும். இதை யாரும் கவனிப்பதில்லை. பெரிய நாய்க்கு உள்ளதைக் குட்டிக்குப் போட்டால் அதன் வளர்ச்சிக்கு அது போதாது. ஏ, ஏ, எஃப், சி, ஓ என்ற ஐந்து எழுத்தைச் சில பைகளில் காண்பீர்கள். அது கால்நடைத் தீனுக்கு அளவு நிர்ணயிக்கும் ஓர் அமெரிக்கச் சங்கத்தின் பெயர். அவர்கள் கணக்கில், ஈரத்தைக் கழித்த தீனில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும். குட்டிக்கும், குட்டி போட்ட தாய்க்கும் புரதம் 22.5, கொழுப்பு 8.5. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பையில் உள்ள எண்ணைப் பாருங்கள். "குரூட் புரோட்டீன்", "குரூட் ஃபேட்" என்று சின்னக் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பையில் பத்து சதவீதம் அளவுக்கு ஈரமும் உண்டு, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பெரிய வித்தியாசம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பியும் இருந்துவிடாதீர்கள். புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதில் உள்ள நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுகிறார்கள். 2007இல் வட அமெரிக்காவில் நாய், பூனைத் தீன்களைக் கடைகளிலிருந்து பெருமளவில் திரும்ப எடுத்தார்கள். சீனாவிலிருந்து வாங்கிய கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற இரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். அதில் நைட்ரஜன் நிறைய இருக்கிறது, அளந்தால் புரதம் கூடுதல் என்று காட்டும். தின்ற பிராணிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகிப் போனது. அடுத்த வருஷம், 2008இல், அதே மெலமினைச் சீனாவில் குழந்தைகளின் பால்மாவிலேயே கலந்தது தெரியவந்தது. நாய்த் தீன்தானே என்று அலட்சியமாக விட்டது கடைசியில் பிள்ளைகளின் வாய்க்கும் வந்து சேர்ந்தது. ஆகவே பெயரும் விலாசமும் இல்லாத, செய்தவர் யாரென்று தெரியாத பையை விலை குறைவென்று வாங்க வேண்டாம். செய்த கம்பனி, இறக்குமதி செய்தவர் விலாசம், செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம் எல்லாம் இருக்க வேண்டும்.

அடுத்தது, என்னென்ன சாமான் போட்டது என்ற பட்டியல். எது எடை கூடுதலோ அது முதலில் வரும். முதல் இரண்டு மூன்று பெயருக்குள் கோழி, மீன், இறைச்சித் தூள் ஏதாவது வரவேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. "சிக்கன்" என்று முதலில் இருந்தால் அது பச்சைக் கோழியின் எடை. பச்சை இறைச்சியில் முக்கால்வாசி தண்ணீர். காய்ந்த பிறகு அது பட்டியலில் எங்கேயோ கீழே போய்விடும். "சிக்கன் மீல்" என்றால் ஏற்கெனவே காயவைத்து அரைத்த தூள், தண்ணீர் போன பிறகு போட்ட எடை. கேட்க அழகாக இல்லாவிட்டாலும் "மீல்" என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். "பீஃப் ஃப்ளேவர்" என்று முன்பக்கத்தில் இருந்தால், அமெரிக்க விதிப்படி அந்த ருசி தெரிந்தால் போதும், மாட்டிறைச்சி இத்தனை இருக்க வேண்டும் என்ற அளவே இல்லை. "வித் சிக்கன்" என்றால் மூன்று சதவீதம் இருந்தாலே போதும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விதியே அப்படித்தான்.

இப்போது தானியமே இல்லாத தீன் என்று விலை கூடின பைகளும் வருகின்றன. நமக்கு அது தேவையில்லை. நாய் நம்மோடு சேர்ந்து வாழத் தொடங்கி ஆயிரக்கணக்கான வருஷமாகிறது. ஓநாயிடம் இல்லாத அளவுக்கு மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் நாய்க்கு வந்திருப்பதை 2013இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. சோறு நாய்க்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த தீன்களுக்கும் நாய்களின் இருதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க அரசாங்கம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. அது தீர்ந்து முடிந்த விஷயம் அல்ல. அதற்குக் கூடுதல் காசு கொடுப்பானேன்?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். டவுனில் சில கடைகளில் பெரிய சாக்கைப் பிரித்து வைத்து, கிலோக் கணக்கில், கால் கிலோக் கணக்கில் அள்ளிப் போட்டுக் கொடுக்கிறார்கள். கையில் உள்ள காசுக்கு வாங்கலாம் என்பதால் நம்ம ஆட்கள் அதைத்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். அந்தச் சாக்கு எப்போது திறந்தது? முடிவுத் திகதி என்ன? குட்டிக்கா, பெரிய நாய்க்கா? உங்களுக்கு எதுவும் தெரியாது, சில நேரம் கடைக்காரருக்கும் தெரியாது. நம்ம ஊர் மிஸ்டும் மழையும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய் திறந்த சாக்கில் ஈரம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும்.

சோளத்திலும் நிலக்கடலையிலும் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்லடொக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும். சமைத்தாலும் முழுதாகப் போகாது, கண்ணுக்கும் தெரியாது. 2020 கடைசியில் அமெரிக்காவில் ஒரே கம்பனியின் தீனில் இந்த விஷம் இருந்து, அதைத் தின்றதாகச் சொல்லப்பட்ட நாய்களில் 110க்கு மேல் செத்துப் போயின. பெரிய தொழிற்சாலை, ஆய்வுகூடம் எல்லாம் உள்ள நாட்டிலேயே அப்படி. தீன் தின்ற நாய் சாப்பிட மறுத்து, வாந்தி எடுத்து, சோர்ந்து, கண் வெள்ளையும் ஈறும் மஞ்சளித்தால் அந்தத் தீனை உடனே நிறுத்திவிட்டு, பையையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். பூஞ்சணம் பிடித்த பாணையும் சோற்றையும் "நாய்க்குத்தானே" என்று போடுவதும் இதே ஆபத்துத்தான்.

அதனால் சின்னதாக இருந்தாலும் வாய் ஒட்டிய பையையே வாங்குங்கள். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு பெரிய பை வாங்கி அன்றைக்கே பிரித்துக்கொண்டால் விலையும் இறங்கும். திகதியும் இலக்கமும் உள்ள துண்டை யாராவது ஒருவர் வெட்டி வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் மூடி இறுக்கமான டின்னில், அடுப்புப் பக்கம் இல்லாமல் வையுங்கள். திறந்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். மேலே தெளித்த கொழுப்பு அதற்குப் பிறகு காறிப் போகும்.

விலைக்கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள நம்ம லயத்து நாய் உலர் தீன் மட்டுமே தின்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 கிராம் வேண்டும். கணக்குக்காகக் கிலோ 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 180 ரூபாய், மாதத்துக்கு 5,400 ரூபாய். அது எத்தனை பேருக்கான சல்லி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எல்லா வீட்டாலும் முடியாது. முடிய வேண்டும் என்றும் இல்லை.

அப்படியானால் யாருக்கு வாங்குவது? என் எண்ணத்தில் குட்டிக்கும், பால் கொடுக்கும் தாய் நாய்க்கும். நல்ல உலர் தீனின் பயன் முழுதாகத் தெரிவது அங்கேதான். லயத்தில் முன்னங்கால் வில்லாக வளைந்த குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். "பொறவியே அப்படி" என்பார்கள். பெரும்பாலும் பிறவி அல்ல. வெறும் சோறும் ரொட்டியும் கொஞ்சம் இறைச்சித் துண்டும் தின்று, சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் எலும்பு பலம் இழந்துபோன குட்டிகள் அவை. குட்டி மூன்று நாலு கிழமையில் தீன் நக்கத் தொடங்கும். பப்பி தீனை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கும் அதே பப்பி தீனைக் கொடுக்கலாம். குட்டிகளுக்கு மூன்று நாலு கிழமை ஆகும்போது அவளுக்கு வழக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். குட்டி பால் மறந்த பிறகு ஒரு மூன்று மாதத்துக்கு மட்டும் என்று வைத்தாலும் சிறு இனத்துக் குட்டி ஒன்றுக்குப் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல்தான் போகும். அந்தச் செலவு வருஷக்கணக்கில் பயன் தரும்.

கூடவே பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும். இரண்டு கிழமைக் குட்டியிலிருந்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பால் மறக்கும்வரை. இல்லாவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் தீன் வயிற்றுப் பூச்சிக்குத்தான். அந்தப் பூச்சியின் முட்டை வாசல் மண்ணில் கிடந்து, மண்ணில் விளையாடும் நம்ம பிள்ளையின் வாய்க்கும் போகும்.

பெரிய ஜாதி நாய்க்குட்டி யாராவது வைத்திருந்தால் ஒரு வார்த்தை. அல்சேஷன் போன்றவைக்கு "லார்ஜ் பிரீட் பப்பி" என்று தனியாக உண்டு. நல்ல தீனோடு சுண்ணாம்புச் சத்து மருந்தும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கூடினாலும் எலும்பு கெடும்.

வளர்ந்த நாய்க்கு வீட்டுச் சாப்பாடே போடலாம், ஆனால் மிச்சம் மீதி என்று எதையும் கொட்டாமல், அதற்கென்று கொஞ்சம் எடுத்து வைத்துப் போடுங்கள். இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு மீனோ முட்டையோ இறைச்சியோ, கொஞ்சம் கரட் அல்லது பூசணி. நெத்தலிக் கருவாட்டை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு, முள்ளோடு நன்றாக அவித்து மசித்துப் போட்டால் சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் கிடைக்கும். இது எல்லாச் சத்தும் அளவாக உள்ள சாப்பாடு ஆகாது. முடிந்தவர்கள் பாதிக்குப் பாதி உலர் தீன் சேர்க்கலாம். புதுத் தீனுக்கு மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு கிழமையில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வயிற்றால் போகும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

கறி கலந்த சோற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். நம்ம பக்கத்து லீக்ஸும் அதே குடும்பம்தான். இன்றைக்குக் கொஞ்சம் தின்றால் விழுந்து சாகாது, ஆனால் தினமும் வெங்காயம் போட்ட பருப்புக் கறியும் சோறும் தின்னும் நாய் மெலிந்து, ஈறு வெளுத்துப் போகலாம். சமைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். சொக்லட் கூடாது. நாம் கையால் பறிக்கும் தேயிலையும் அப்படித்தான், அதில் உள்ள கஃபீன் நாய்க்கு விஷம். தேயிலைச் சக்கையை நாய் கிளறாத இடத்தில் கொட்டுங்கள்.

ஒரு அண்ணன் கேட்டார்: "கோழித் தீன் வெல கொறைவு, அத போட்டா என்னங்க?" வேண்டாம். அது கோழிக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. சிலவற்றில் கோழி நோய்க்கான மருந்தும் கலந்திருக்கும். அவற்றில் சில நாயின் நரம்பையும் தசையையும் பாதித்துக் கால் இழுக்க வைக்கும்.

தீன் வைக்கும் நேரத்தையும் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒருதரம், மாலையில் இருட்டுமுன் ஒருதரம். கால் மணி நேரத்தில் தின்று முடிக்காததை எடுத்துவிடுங்கள். இரவில் இஸ்தோப்பில் தீன் கிடந்தால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சல் வரும். பசியோடு விட்ட நாய் இரவில் குப்பை மேட்டுக்குப் போகும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களில் சிறுத்தை லயத்து ஓரம்வரை வந்து நாயைத் தூக்கியது உங்களில் பலருக்குத் தெரியும். சிறுத்தை நாயைத் தேடி வரப் பழகினால் அடுத்து பயப்பட வேண்டியது நம்ம பிள்ளைகளுக்காக. மாலையில் வயிறு நிறைந்த நாயைக் கதவுக்கு உள்ளேயோ, நல்ல கூட்டிலோ அடைத்து வைக்கலாம், அது முரண்டு பிடிக்காது.

கடைசியாகப் பெரியம்மா ஒருவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "எங்க கிழட்டு நாய்க்குப் பல்லே இல்ல தம்பி, அந்தக் கல்லு மாதிரி தீனிய எப்படித் திங்கும்?" என்றார். குட்டிக்குச் சொன்னது மாதிரியேதான் பெரியம்மா. இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வையுங்கள், உப்பி மெதுவாகிவிடும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், சில சத்து கெட்டுவிடும். ஊறவைத்ததை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும். கிழட்டு நாய் ஓடியாடுவதில்லை, அதனால் பையில் எழுதின அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்தால் தட்டுப்பட வேண்டும். அதுதான் அளவு.